அரண்மனைக்குள் ஒரு நாடக அரங்கு

கேள்வி: ஸ்வீடன் அரண்மனை ஒன்றில் பழைய நாடக அரங்கு இன்றும் இயங்குகிறதாமே? நம் அரசர்கள் அப்படி எதுவும் கட்டவில்லையா?
- வாசகி, தரமணி

பதில்: நீங்கள் கேட்பது டிராட்னிங்ஹோம் அரங்கு. 1766இல் கட்டியது. 1792இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் கொல்லப்பட்டபின் கேட்பாரற்றுக் கிடந்தது. 1921இல் ஓர் ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்தால், தீட்டிய திரைச்சீலைகளும் ஆட்கள் கையால் சுழற்றும் மரப்பொறிகளும் அப்படியே இருந்தன. யாரும் 'புதுப்பிக்காததால்' பிழைத்த அரங்கு!

நம்மிடமும் உண்டு. 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலில் நாடகசாலை இன்றும் நிற்கிறது. அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதை 1866க்குப் பின் ஆளுநர் நேப்பியர் பிரபு செப்பனிட வைத்தார். தஞ்சை அரண்மனையில் சங்கீத மகால் இருக்கிறது.

தஞ்சை ராஜாக்கள் பார்த்து ரசித்ததோடு நிற்கவில்லை, எழுதவும் செய்தார்கள். விஜயராகவ நாயக்கர் தெலுங்கில் யட்சகானங்கள் எழுதினார். மராட்டிய மன்னர் ஷாஜி (ஆட்சி 1684–1712) எழுதிய 'பஞ்சபாஷா விலாசம்' தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் என ஐந்து மொழி பேசும். இன்றைய 'பான் இந்தியா' படக்காரர்கள் கவனிக்க! சரபோஜி மீது பாடிய 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி'யையோ பெரிய கோயிலிலேயே ஆடினார்கள். ராஜாவின் நாடகத்தை ஊரே பார்த்தது. எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

பழைய நாடக நூல்களைப் புரட்ட ஆசையா? ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உங்கள் தரமணியிலேயே இருக்கிறது.