கடைசி நாளில்தான் கை ஓடுகிறது

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். முந்தின மாத பில்லெல்லாம் 5-ஆம் தேதியே கைக்கு வந்துவிடும். ஆனால் 19-ஆம் தேதி ராத்திரிதான் உட்காருவேன். அன்றைக்கு மளமளவென்று முடித்துவிடுவேன். மற்ற நாள்களில் ஒரு மெயிலுக்குப் பதில் எழுத ஆரம்பித்து வேறெதற்கோ தாவி, சாயங்காலம் பார்த்தால் எதுவும் முடிந்திருக்காது. மேனேஜர் 'பொறுப்பே இல்லை' என்கிறார். சமீபத்தில் என் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும்) என்று டாக்டர் சொன்னார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என்னைக் கேட்டதுபோலவே இருந்தது. பெரியவர்களுக்கும் இது இருக்குமா?

பதில்: இருக்கும். பெரிய வயதில் புதிதாக முளைப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே இருந்து, யாரும் கண்டுபிடிக்காமல் விட்டிருப்பார்கள். குடும்ப வழியில் வருவது இதில் மிக அதிகம். பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரியவருவது மனநல மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அதிலும் பெண்பிள்ளைகள் பலர் ஓடியாடி வகுப்பைக் கலைப்பதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், டீச்சர் கண்ணில் படமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 19-ஆம் தேதி ராத்திரிதான். பொறுப்பில்லாதவருக்கு அன்றும் வேலை ஓடாது. ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களின் மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் வேலை செய்யும் விதம் சற்று வேறு. தூரத்தில் இருக்கும் பலனோ அபராதமோ அவர்களை அசைப்பதில்லை. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் வாசலுக்கு வந்து நின்றால்தான் வேகம் பிடிக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும், தொடங்குவதில்தான் முட்டுகிறது. இவர்களிடம் 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு' என்பது கொடுமை. இத்தனை வருடம் அதைக் கேட்டுக் கேட்டு நீங்கள் எவ்வளவு நொந்திருப்பீர்கள்!

ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் கலைக்கும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தனவா, வேலையில் மட்டுமா வீட்டிலும் தொல்லையா என்று மனநல மருத்துவர் கேட்பார். பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட் இருந்தால் கொண்டுபோங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. மீதைல்ஃபெனிடேட், அடமாக்ஸெடின் போன்ற மருந்துகள் பலருக்கு நன்றாகவே உதவுகின்றன. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பார்த்துத்தான் தொடங்குவார்கள். மகனுடைய மாத்திரையை எடுத்துப் போட்டுப் பார்க்கவே கூடாது.

அதுவரை, 20-ஆம் தேதி என்ற ஒரே கெடுவை உடையுங்கள். 8-ஆம் தேதிக்குள் கொள்முதல் பில் பதிவு. 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி (விற்றவர்கள் காட்டிய பில் பட்டியல்) வந்ததும் மறுநாளே அதோடு ஒப்பிடுவது. நீங்களே உங்களுக்கு வைக்கும் கெடு நிற்காது. ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சக ஊழியரிடம் 'இன்று நாலு மணிக்குக் காட்டுகிறேன்' என்று சொல்லி வையுங்கள். பக்கத்தில் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பலருக்குக் கை ஓடும். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். வாயால் சொல்லும் வேலையை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள், காலையில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்கக் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்க எந்தச் சான்றிதழும் வேண்டாம்.