வாங்குபவரின் நாவும் ஒரு தராசுதான்

 

வியாபாரத்தில் மோசடி என்றாலே நாம் விற்பவரைத்தான் நினைக்கிறோம். வாங்க வருபவரும் மோசடி செய்ய முடியும்.

என்னைப் பற்றியே சொல்கிறேன். சென்ற மாதம் என் மகனுக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கப் போனேன். விற்றவர் முன்பின் தெரியாத மாற்றுமத சகோதரர். 3,000 ரூபாய் கேட்டார். "பின் சக்கரத்துல கொஞ்சம் கோட்டம் இருக்கு பாய்" என்று அவரே சொல்லிவிட்டார். நானோ அதைப் பிடித்துக்கொண்டு, செயின் தேய்ந்துவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை, ஆயிரத்துக்குக்கூட யாரும் வாங்கமாட்டார்கள் என்று அடுக்கினேன். 1,800 ரூபாய்க்கு முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "புதுசு மாதிரி இருக்கு, பாதி விலைக்கு வாங்கிட்டேன்" என்றேன். பக்கத்தில் நின்ற மகன் கேட்டான்: "செயின் தேஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொன்னீங்களே அத்தா?" எனக்குப் பதில் வரவில்லை.

நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்குச் செய்த உபதேசத்தைக் குர்ஆன் (7:85) கூறுகிறது. அளவையும் நிறுவையையும் முழுமையாக்கச் சொன்னதோடு, மக்களின் பொருட்களைக் குறைத்துவிடுவதையும் அவர்கள் தடுத்தார்கள். 'பக்ஸ்' எனும் இக்குறைத்தலில், பொருளைக் குறைகூறி மட்டம் தட்டுவதும், மதிப்பில் ஏமாற்றுவதும் அடங்கும் என இமாம் குர்துபி (ரஹ்) விளக்குகிறார்கள். வசனத்தில் இருப்பது 'அந்நாஸ்', மக்கள் என்ற சொல். முஸ்லிமின் பொருள் என்று மட்டும் அல்ல.

அப்படியானால் பேரம் பேசவே கூடாதா? கூடும். நபி (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலை பேசினார்கள். மதீனா வந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜரீர் (ரலி) அவர்களுக்காகப் பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி, விற்பவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதற்கும் மேல் பெறும் என்று நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். முஸ்லிம்களுக்கு நலம் நாடுவதாக நபியிடம் செய்த பைஅத்தே அதற்குக் காரணம்.

நாம் அந்த அளவு உயராவிட்டாலும், இவற்றையாவது பேணலாம்:

1. பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபிரேம் எண்ணை அதோடு ஒத்துப் பாருங்கள். திருட்டுப் பொருளோ என்று சந்தேகம் வந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

2. அனுமதி கேட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இருக்கும் குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் குறைக்கக் கேளுங்கள். இல்லாத குறையை உண்டாக்காதீர்கள்.

3. பையில் பணத்தை வைத்துக்கொண்டு "இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லாதீர்கள்.

4. ஒருவர் விலை பேசி முடிக்கும்போது நடுவில் புகாதீர்கள்.

மறுநாள் மகனையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். செயினைப் பற்றி நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, 800 ரூபாய் நீட்டினேன். வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். பொய் சொன்னபோது மகன் பக்கத்தில் இருந்தான். திருத்தும்போதும் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

விற்கும்போதும் வாங்கும்போதும் உண்மை பேசுபவர்களாக, நம் வியாபாரத்தில் பரக்கத் பெற்றவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.