தோலில் விமானப்படைச் சின்னம் தீட்ட...

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானிகளின் ஏ-2 தோல் ஜாக்கெட்டுகளில் படைப்பிரிவுச் சின்னங்கள் இருந்தன. பல கையால் தீட்டியவை. வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவே சுமார் 1,200 சின்னங்களை வரைந்து கொடுத்தது. அவற்றின் நகலைச் செய்ய விரும்பினால், வண்ணத்துக்கு முன் தோலைக் கவனியுங்கள். மேலுள்ள பளபளப்பை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்காவிட்டால் எந்த வண்ணமும் உரிந்துவிடும். (ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடவே கூடாது.) தோலுக்கான அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாக, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்ததாகப் பூசுங்கள். தடித்த பூச்சு மடங்கும் இடத்தில் வெடிக்கும். மஞ்சள், சிவப்புக்கு அடியில் வெள்ளை பூசினால்தான் பழுப்புத் தோலில் எடுப்பாகத் தெரியும். ஜாக்கெட்டில் நேரடியாகத் தீட்டுவதைவிடத் தனித் துண்டில் தீட்டித் தைப்பதே நல்லது. துண்டின் பின்புறம் செய்த ஆண்டை எழுதிவிடுங்கள். நாளை யாரும் இதை அசல் என்று விற்கக் கூடாது.