தொப்புள்கொடி இரத்தம்: பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை



ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் பிரசவத்தை எதிர்நோக்கும் குடும்பத்தார் நம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்கிறார்கள். தவணையிலும் கட்டலாமாம். கட்டலாமா?"

அந்த இரத்தத்தில், புதிய இரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸில் டாக்டர் எலியான் குளுக்மன், ஃபான்கோனி இரத்தசோகை என்னும் நோயுள்ள சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் கொடி இரத்தத்தைச் செலுத்திக் குணப்படுத்தினார். அங்கே பயன்பட்டது தங்கையின் இரத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். தலசீமியா போன்ற பரம்பரை நோயில் குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லிலும் அதே குறை இருக்கும். ஆகவே அதைச் சேமித்தும் பயனில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையும், பிற்காலச் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்கிறது. இந்தச் செல்களால் குணமாகும் நோய் மூத்த பிள்ளைக்கு இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால் மட்டும் சேமிப்பது தகும்.

அத்தகைய குடும்பத்தார் பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்பே வேலூர் சி.எம்.சி. போன்ற, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையை அணுக வேண்டும். உடன்பிறந்தவர்கள் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. செல்களின் எண்ணிக்கை குறைந்தால் சிகிச்சை பலிக்காது. எனவே சேகரிப்பில் கவனம் தேவை. கொடியைத் துண்டித்ததும், இரத்தம் உறையும் முன், கொடியின் இரத்தக் குழாயில் ஊசி குத்த வேண்டும். உறையாமல் தடுக்கும் மருந்துள்ள பையைத் தாழ்வாக வைத்து, மெல்ல அசைத்தபடி, ஓட்டம் நிற்கும் வரை வடிக்க வேண்டும். பிறகு தாமதமின்றி ஆய்வகம் சேர்க்க வேண்டும். இதனால் தாய்க்கோ சேய்க்கோ வலி இல்லை.

மற்றவர்களுக்கு நாம் சொல்வது: அந்த இரத்தம் முதலில் குழந்தையின் உரிமை. பிறந்து ஒரு நிமிடமாவது கழித்தே கொடியைக் கட்ட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த நிமிடத்தில் குழந்தைக்குச் சேரும் இரத்தம், பின்னாளில் இரும்புச்சத்துக் குறைவைத் தடுக்க உதவும். பை நிறைய வேண்டும் என்று அவசரப்பட்டுக் கொடியைக் கட்டினால் பிள்ளைக்கே நஷ்டம். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

பயத்தினால் வட்டிக்கு வாங்கித் தவணை கட்ட வேண்டாம். அந்தப் பணம் தாயின் சத்துணவுக்கும் பிள்ளையின் தடுப்பூசிக்கும் ஆகட்டும். நோயுற்ற பிள்ளை உள்ள குடும்பத்தார் தயங்காமல் நம் அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், வழிகாட்டக் காத்திருக்கிறோம்.