வீட்டு ரூட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டாமாண்டு மாணவன், பி.எஸ்சி. (இயற்பியல்)

வாசற்கதவைப் பூட்டாமல் நாம் உறங்குவதில்லை. ஆனால் இணையம் நுழையும் வாயிலைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வாயில்தான் ரூட்டர்.

இன்று மயிலாப்பூர்ச் சந்துகளிலும் அடையாற்று அடுக்ககங்களிலும் ஃபைபர் கம்பி வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலின் அந்தப் பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பும் எனக்கே. நாளை வேலை கிடைத்து வெளியூர் சென்றால் அதைப் பார்க்க ஆளில்லை. அப்பாவின் வங்கிக் கணக்கும் அம்மாவின் கேஸ் பதிவும் அதன் வழியேதான் செல்கின்றன. ஆகவே, ஆள் கவனிக்காவிட்டாலும் தன்னைக் காத்துக்கொள்ளும் ரூட்டரே எங்களைப் போன்ற வீடுகளுக்கு ஏற்றது.

ரூட்டர் என்பது யாது?

அது ஒரு சிறு கணிப்பொறி. அதனை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றை அடைக்கும் திருத்தங்களை உற்பத்தியாளர் அனுப்புவார். சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிடுவார். அப்போதும் விளக்குகள் எரியும், இணையம் ஓடும்; புதிய ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும்.

2017 தந்த பாடம்

2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள், பெரும்பாலும் கர்நாடகத்தில், ஆயிரக்கணக்கில் தீநிரலால் தாக்கப்பட்டுச் செயலிழந்தன. ‘அட்மின்’ என்ற ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாதிருந்த பெட்டிகளே அதற்கு இரையாயின.

வாங்கும்போது

ரிச்சி தெருக் கடைகளில் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைத்தான் முதலில் காட்டுவார்கள். நாம் கேட்க வேண்டியவை வேறு:

1. திருத்தங்களைத் தானே பெற்றுக்கொள்ளுமா?

2. எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இக்காலத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். அதே மாடல் அங்கும் விற்கப்பட்டால், அந்நாட்டுக்கான பக்கத்தில் பார்க்கலாம்.

3. 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு முறை உண்டா?

விலையையும் இவ்வாறே கணக்கிட வேண்டும். ஐந்தாண்டு திருத்தம் பெறும் 3,000 ரூபாய்ப் பெட்டிக்கு ஆண்டுச் செலவு 600 ரூபாய். ஓராண்டில் ஆதரவு முடியும் 1,200 ரூபாய்ப் பெட்டிக்கு அது 1,200 ரூபாய்! மலிவு எது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

முதல் நாள் வேலை

நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுக. இரண்டும் வெவ்வேறாக இருக்கட்டும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும் அணைத்துவிடுக. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குக. இணைய நிறுவனமே தந்த பெட்டியாயின், திருத்தங்களை அவர்களே செலுத்துகிறார்களா என்று கேட்டறிக.

முடிவுரை

இவ்வளவும் அரைமணி நேர வேலை. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் கற்ற அறிவியல் முதலில் நம் வீட்டு வாசலைக் காக்கட்டும். பின்பு பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் அந்த அரைமணியை ஒதுக்குவோம்.