இடைவிடாத வேலையும் இடைவிடாத ஜெபமும்

"ஜெபிக்க வேண்டும் என்ற ஆவல் இருக்கிறது, அதற்கு நேரந்தான் கிடைப்பதில்லை." இந்தக் குறையைச் சொல்லாத கிறிஸ்தவ இல்லம் இன்று அரிது. கேட்டவுடனே, "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று கண்டித்துவிடுவது எளிது. ஆனால் இக்குறையில் உண்மை இருக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நெரிசலான ரயிலில் நின்றபடியே அலுவலகம் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பி, மறுபடியும் அடுப்பின் முன் நிற்கும் ஒரு தாயிடம் சோம்பல் ஏதும் இல்லை. இரவு முழுவதும் நோயாளிகளின் அருகில் நின்றுவிட்டுக் காலையில் கண் எரிச்சலோடு வீடு சேரும் செவிலியருக்கு, வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து மங்குகிறது. இவர்களிடம் இன்னும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கச் சொல்வது அவர்கள் சுமையின் மேல் மற்றொரு சுமையை வைப்பதாகும்.

இவர்களை வாட்டுவது களைப்பு மட்டுமன்று. நாள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்குள் இருக்கிறது. ஜெபித்த நேரம் ஆண்டவருக்குரியது, மீதி உலகத்துக்குரியது என்பது அந்த எண்ணம். உலகத்தின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே வர, ஆண்டவரின் பங்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையாகச் சுருங்கிவிடுகிறது. அதன் விளைவாக, வாழ்க்கையின் நோக்கம் என்பது குருவானவர்களுக்கும் மிஷனரிகளுக்கும் உரியது, நமக்கு வாய்த்தது பிழைப்பு மட்டுமே என்ற சோர்வு உள்ளத்தில் குடியேறுகிறது. இந்தப் பிளவு வேதத்தில் இருக்கிறதா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

யாருக்கு எழுதப்பட்ட அறிவுரை?

இடைவிடாமல் ஜெபிக்க வேண்டும் என்ற கட்டளை தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஏறத்தாழக் கி.பி. 50இல் எழுதப்பட்ட நிருபம் அது. பரபரப்பான துறைமுக நகரமாகிய தெசலோனிக்கேயில் வாழ்ந்த அந்த விசுவாசிகள் எத்தகையோர் என்பதை அதே நிருபம் தெரிவிக்கிறது. 4ஆம் அதிகாரத்தில், அவரவர் தம் சொந்தக் கைகளால் வேலை செய்து வாழவேண்டும் என்று பவுல் வற்புறுத்துகிறார். 2ஆம் அதிகாரத்தில், ஒருவருக்கும் பாரமாய் இராதபடிக்குத் தாமே இரவும் பகலும் பாடுபட்டதை நினைவூட்டுகிறார். கூடாரம் செய்வது அவருடைய தொழில் என்பது அப்போஸ்தலர் நடபடிகளின் 18ஆம் அதிகாரத்திலிருந்து நாம் அறிந்ததே.

ஆகவே, கை காய்ப்புக் காய்த்த ஒருவர் கை காய்ப்புக் காய்த்தவர்களுக்கு எழுதிய கட்டளை இது. இரவும் பகலும் வேலை செய்தேன் என்று சொன்ன அதே மனிதர் இடைவிடாமல் ஜெபியுங்கள் என்றும் சொல்வாரானால், வேலை நேரத்தைக் கழித்துவிட்டு எஞ்சியதை அவர் கருதியிருக்க முடியாது. எஞ்சியது என்று அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை!

சமையலறையில் ஒரு சகோதரர்

இக்கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நம்பி நடந்து பார்த்தவர்களுள் ஒருவர் சகோதரர் லாரன்ஸ். 1614ஆம் ஆண்டளவில், இன்று பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்ததாயுள்ள லொரேன் பகுதியில், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் நிக்கோலா எர்மான். பதினெட்டாம் வயதில், பனிக்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டு, சில நாட்களில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணியபோது, கடவுளுடைய பராமரிப்பைப் பற்றிய ஓர் உணர்வு அவர் உள்ளத்தில் பதிந்தது. அது பின்னர் மறையவே இல்லை என்று அவர் கூறியிருக்கிறார். எனினும் அந்த அனுபவம் அவரை உடனே துறவியாக்கிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் போர்வீரராயிருந்தார்; காலில் காயமடைந்து வாழ்நாள் முழுவதும் நொண்டினார்; செல்வர் ஒருவரிடம் பணியாளாக அமர்ந்து, கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் விகாரமான ஆள் என்று தம்மைப் பற்றியே பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

1640இல் பாரிஸ் நகரிலிருந்த கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். போதிய கல்வி இல்லாததால் குருவானவராகவில்லை. உடலுழைப்புக்கென அமைந்த சகோதரர் நிலையில் வைக்கப்பட்டு, சமையலறைக்கு அனுப்பப்பட்டார். அவருக்குச் சமையலறை வேலை இயல்பிலேயே வெறுப்பூட்டுவதாயிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சமையலில் இன்பங்கண்டு பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கிய மனிதராக அவரைச் சித்திரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிடிக்காத வேலையில் அவர் சுமார் பதினைந்து ஆண்டுகள் நின்றார். கால்வலி முற்றிய பின் உட்கார்ந்து செய்யும் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். மடத்துக்குத் திராட்சரசம் வாங்க வெளியூர் அனுப்பியபோது, நடக்க இயலாமல் படகிலிருந்த பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு நகர்ந்தார். வாணிகமும் அவருக்குத் தெரியாது. இது உமது காரியம் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுச் சென்றதாகவும், காரியம் நல்லபடி முடிந்ததாகவும் அவரே தெரிவித்தார்.

1691ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அவர் காலமானார். அவர் நூலொன்றும் இயற்றவில்லை. அவருடன் உரையாடிய ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் எழுதிவைத்த குறிப்புகளும், லாரன்ஸ் சிலருக்கு எழுதிய கடிதங்களும் 1692லும் 1694லும் வெளியாயின. 'இறைப்பிரசன்னப் பயிற்சி' என்னும் பொருள்படும் தலைப்பில் உலகெங்கும் வாசிக்கப்படும் சிறுநூல் இவற்றிலிருந்து தொகுக்கப்பட்டதே.

பயிற்சி எப்படி?

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலையைத் தொடங்குமுன், இதைச் செய்ய உமது துணை வேண்டும் என்று சுருக்கமாக வேண்டிக்கொள்வார். வேலையின் நடுவே அவ்வப்போது உள்ளத்தின் பார்வையை ஆண்டவர்பால் திருப்புவார். சொற்கள்கூட எப்போதும் தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் அதை எவ்வாறு செய்தோம் என்று நோக்குவார். நன்றாயிருந்தால் நன்றி கூறுவார். தவறியிருந்தால்? இங்கேதான் அவரிடம் கற்க வேண்டியது மிகுதியாக இருக்கிறது. தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். பிறகு அதைப் பற்றிக் கலங்கிக்கொண்டிராமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நம்மில் பலர் மனம் சிதறிய ஒரு நிமிடத்துக்காக அரை மணி நேரம் வருந்துகிறோம். அந்த வருத்தத்திலும் நாம் நம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்குப் புலப்படுவதில்லை.

தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் குனிந்து எடுப்பதையும் ஆண்டவர்மீது கொண்ட அன்புக்காகச் செய்யலாம் என்பது அவர் கருத்து. வேலையின் பெருமை அதன் அளவில் இல்லை என்று அவர் கண்டார். வாழ்க்கையின் நோக்கம் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு இது விடையளிக்கிறது. அவர் வேறு பணிக்கு மாற்றம் கேட்கவில்லை. செய்துகொண்டிருந்த வேலை யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதே மாறிற்று. கொலோசெயர் நிருபம் 3ஆம் அதிகாரத்தில் பவுல் இதே பாடத்தைப் போதிக்கிறார். அங்கே அவர் விளிப்பது அடிமைகளை. தம் வேலையைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை சிறிதும் இல்லாத அவர்களை, மனிதருக்கென்று எண்ணாமல் ஆண்டவருக்கென்று மனமாரச் செய்யுமாறு அழைக்கிறார்.

இவ்வளவு எளிதா என்று ஐயுற வேண்டாம். எளிய முறை வேறு, எளிதில் கைகூடுவது வேறு. தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தாம் மிகவும் துன்புற்றதாக லாரன்ஸ் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். தமக்கு இரட்சிப்பே இல்லை என்ற அச்சம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. சமையலறை இரைச்சலின் நடுவிலும் நற்கருணை முன் முழங்காலிட்டிருப்பதைப் போன்ற அமைதியை அனுபவித்ததாக அவர் சொன்னது அனைவரும் அறிந்த செய்தி. அதற்கு முந்திய ஆண்டுகளைப் பற்றி நம் பிரசங்கங்கள் அதிகம் பேசுவதில்லை.

ஓர் எச்சரிக்கை

"வேலையே ஜெபம்" என்ற வாசகத்தை இங்கே ஆராயாமல் விடுவதற்கில்லை. இரு வகையில் அது தவறாகப் பயன்படுகிறது. முதலாவது, தனித்து ஜெபிக்கும் வழக்கத்தைக் கைவிட்டவர்களுக்கு அது சாக்காகிறது. லாரன்ஸுக்கு மடத்தின் மணியோசை நாள்தோறும் ஜெப வேளைகளை அறிவித்தது. அவற்றை அவர் விட்டுவிடவில்லை. மாற்கு முதலாம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் நம் ஆண்டவர் கழித்த ஒரு நாளைப் பாருங்கள். ஜெப ஆலயத்தில் போதனை, பேதுருவின் மாமியாரைக் குணமாக்குதல், பொழுது சாய்ந்த பின் வாசலில் திரண்ட ஊர் முழுவதும். அவ்வளவுக்கும் பிறகு, மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குச் சென்று ஜெபித்தார். பகலெல்லாம் பிதாவோடு ஒன்றியிருந்தவருக்கே அந்தத் தனிமை தேவைப்பட்டது. ஐந்து நிமிடமானாலும் அது நமக்கும் வேண்டும்.

இரண்டாவது, பிறரிடம் அளவுக்கு மீறி வேலை வாங்குகிறவர்களுக்கும் அவ்வாசகம் மிகவும் பிடித்திருக்கிறது. ஓய்வுநாள் கட்டளை யாரை உள்ளடக்குகிறது என்பதை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், மிருகஜீவன் வரை அது செல்கிறது. வீட்டில் ஒருவரே எல்லா வேலைகளையும் செய்து களைத்திருக்க, மற்றவர்கள் அவருக்கு இறைப்பிரசன்னத்தைப் பற்றி உபதேசிப்பது முறையன்று. துடைப்பத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, அவரைச் சற்று உட்காரவிடுவது அவருடைய ஜெபத்துக்கு உதவும்.

மடத்துக்கு வெளியே

லாரன்ஸுக்கு மனைவி மக்கள் இல்லை, வாடகைக் கவலை இல்லை. நமக்கு இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதே. இதற்கு இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரின் அனுபவத்தைக் காணலாம். 1884இல் பிறந்த ஃபிராங்க் லாபக் என்னும் அமெரிக்க மிஷனரி, 1930இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் லானாவோ ஏரிக் கரையில், இஸ்லாமியரான மரனாவோ மக்களிடையே பணியாற்றினார். குடும்பத்தைப் பிரிந்திருந்தார். ஊரார் அவரை நம்பவில்லை. நடுத்தர வயதில், தம் வாழ்வு பயனற்றுப் போயிற்றோ என்ற ஏக்கம் அவரைப் பிடித்திருந்தது. மாலையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றின் மேல் ஏறி அமர்ந்து ஜெபிப்பார். அந்நாட்களில், விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு கணமேனும் ஆண்டவரை நினைக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். தம் தகப்பனாருக்குக் கடிதங்களில் அதன் விவரங்களை எழுதினார். வெற்றியைக் காட்டிலும் தோல்விகளே அக்கடிதங்களில் மிகுதி. சில நாட்கள் முழுவதும் மறந்துபோனதை மறைக்காமல் எழுதுகிறார்.

நிமிடக் கணக்கு வைப்பது எல்லாருக்கும் ஏற்றதென்று கூறுவதற்கில்லை. குற்றவுணர்வு மிகுந்தோருக்கு அது தீங்கும் செய்யலாம். கருதத்தக்கது வேறு. இந்தச் சோதனையின்போது லாபக் வேலையிலிருந்து விலகிச் செல்லவில்லை. சுற்றியிருந்த மனிதர்கள்மேல் அவருக்கிருந்த பார்வையே மாறிற்று. அவர்களைத் தாழ்வாக எண்ணிய தம் மனப்பான்மையை உணர்ந்து, அவர்களுடைய குருமாரிடமே சென்று குர்ஆனைக் கற்றார். அவர்கள் மொழியை ரோமன் எழுத்தில் எழுத முறை வகுத்து, படங்கள் கொண்ட எளிய பாட அட்டைகளால் எழுத்தறிவிக்க ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் பொருளாதார மந்தத்தால் அமெரிக்காவிலிருந்து வந்த பணம் குறைந்து, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாமற் போயிற்று. அப்பொழுது ஒரு மரனாவோ தலைவர், படித்த ஒவ்வொருவரும் படிக்காத மற்றொருவருக்குக் கற்பித்தே ஆகவேண்டும் என்று முன்வந்தார். ஒருவர் ஒருவருக்குக் கற்பிக்கும் அந்த முறை பின்னர் பல நாடுகளுக்குச் சென்றது. 1935இல் லாபக் அதனுடன் இந்தியாவுக்கும் வந்தார்.