பழுதடைந்த மிக்சரும் ஓர் அறிவியல் பாடமே

அரசுப் பள்ளிகளில் ஆண்டு விழா பெரும்பாலும் தை, மாசி, பங்குனி மாதங்களில் வருகிறது. எங்கள் பகுதியில் மைக் செட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கும் காலமும் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழா, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பங்குனிப் பொங்கல், ராஜபாளையத்து மண்டபங்களில் திருமணங்கள் என்று மைக் செட்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. அந்த நேரத்தில் பள்ளியில் இருக்கும் மிக்சர் கரகரத்தால், "மிக்சர் போச்சு, புதுசு வாங்கணும்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம்.

ராஜபாளையம் மில்லிலோ சத்திரப்பட்டி மருத்துவத் துணித் தறியிலோ வேலை பார்க்கும் ஒரு தாய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மகள் பேசுவதைக் கேட்க உட்கார்ந்திருப்பார். அந்தக் குழந்தை மூன்று நிமிடம் பேசியும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை என்றால், அதற்கு ஈடு செய்ய நம்மிடம் எதுவும் இல்லை. ஆகவே பழுதை முன்கூட்டியே கண்டறிவது அவசியம். அதையே வகுப்பறைச் செயல்பாடாகவும் மாற்றலாம்.

மிக்சர் என்ன செய்கிறது?

மிக்சர் என்றதும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்குச் சாத்தூர்க் காராச்சேவுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கும் மிக்சர்தான் நினைவுக்கு வரும். அந்த உவமை இங்கே உதவுகிறது. தனித்தனியாக வரும் பொருள்களை வேண்டிய அளவில் சேர்ப்பதுதான் இதன் வேலையும்.

மேடைகளில் அதிகம் பயன்படும் டைனமிக் மைக்கில் ஒரு மென்சவ்வும் அதனுடன் இணைந்த கம்பிச்சுருளும் காந்தப்புலத்தில் அசைகின்றன. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி அதில் மின்னழுத்தம் உண்டாகிறது. அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். செல்போனிலிருந்தோ மடிக்கணினியிலிருந்தோ வரும் பாட்டின் மின்னழுத்தம் இதைப்போல் பல மடங்கு பெரியது. மிக்சர் சிறியதை உயர்த்தி, பெரியதை அளவுபடுத்தி, இரண்டையும் கூட்டி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. ஆம்ப்ளிஃபயர் அதன் திறனைப் பெருக்குகிறது. ஸ்பீக்கர் அதை மீண்டும் ஒலியாக்குகிறது.

மைக், கேபிள், மிக்சர், இணைப்பு ஒயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகிய ஆறும் கரும்பலகையில் வரிசையாக இருக்கட்டும். ஒலி நின்றால் இந்த ஆறில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் பழி பெரும்பாலும் குமிழ்கள் நிறைந்த மிக்சர்மீதே விழுகிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கற்பிக்கிறோம். பழுது பார்ப்பதும் அதே முறைதான். மைக்கையும் கேபிளையும் ஒன்றாக மாற்றினால் ஒலி வரலாம். பழுது எதில் இருந்தது என்பது தெரியாது.

சோதனைக்கு முன் மூன்று விதிகள். மாணவர்கள் எந்தக் கருவியின் மூடியையும் திறக்கக் கூடாது. உள்ளே 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அடுத்து, ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஒலியளவு பூஜ்யத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, இயக்கும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில்; அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

1. மிக்சரில் விளக்கு எரியவில்லை: அதே பிளக் பாயிண்ட்டில் வேறொரு கருவியை மாட்டிப் பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர், ஃபியூஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஃபியூஸை ஆசிரியரே, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு, அதே அளவுள்ள ஃபியூஸால் மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றக் கூடாது. புதிய ஃபியூஸும் போனால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும்.

2. விளக்கு எரிகிறது, ஒலி இல்லை: மியூட் பொத்தான், கெயின் குமிழ், அந்தச் சேனலின் ஃபேடர், மாஸ்டர் ஃபேடர் ஆகிய நான்கையும் பாருங்கள். கண்டன்சர் மைக் என்றால் 48 வோல்ட் பொத்தானும் தேவை. பிறகு மிக்சரில் ஹெட்ஃபோனை மாட்டுங்கள். ஹெட்ஃபோனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் மிக்சருக்கு அடுத்த பகுதியில் இருக்கிறது. செல்போனை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தால் அதுவும் உறுதியாகும்.

3. ஒரு மைக் மட்டும் வேலை செய்யவில்லை: அதே மைக்கை அதே கேபிளோடு அடுத்த சேனலில் மாட்டுங்கள். ஒலி வந்தால் பழுது முதல் சேனலில். வராவிட்டால் கேபிளை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் மைக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

4. குமிழைத் திருகும்போது கரகரப்பு: குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் தூசி படிந்திருக்கலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, குமிழை இருபுறமும் இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருகினாலே பல நேரம் சரியாகிவிடும். இல்லையென்றால் மெக்கானிக் காண்டாக்ட் கிளீனர் தெளித்துச் சரிசெய்வார்.

5. 'ம்ம்ம்' என்ற இரைச்சல்: நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக் பாயிண்ட்டுகளில் எர்த் பெறும்போது இந்த இரைச்சல் வரலாம். இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை உடைப்பது உயிருக்கே ஆபத்து.

6. ஊளைச் சத்தம்: இது பழுதே அல்ல. ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் புகுந்து, பெருக்கப்பட்டு, மறுபடியும் மைக்கிற்கே வருகிறது. ஸ்பீக்கர்களை மேடைக்கு முன்னால், பார்வையாளரை நோக்கி வையுங்கள். குழந்தை மைக்கிற்கு அருகில் நின்று பேசினால் ஒலியளவைக் கூட்டவே வேண்டியிருக்காது.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு குழுக்களாகப் பிரிந்து இந்த வரிசையில் சோதித்தார்கள். 'போச்சு' என்று சொல்லப்பட்ட மிக்சர் ஹெட்ஃபோனில் தெளிவாக ஒலித்தது. மிச்சம் இருந்தது ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் இணைப்பு ஒயர். இரு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டரில் வைத்து ஒயரை அசைத்தபோது, பிளக்கை ஒட்டிய இடத்தில் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. கேபிள்கள் பெரும்பாலும் அறுவது அந்த வளைவில்தான். பிளக்கை வெட்டி, கம்பியைப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டியதும் பழுது நீங்கியது.

பழுது நீக்கலாமா, புதிது வாங்கலாமா?

பழுது மிக்சரில்தான் என்று உறுதியானால் இப்படி முடிவெடுக்கலாம். ஒரு சேனல் மட்டும் செயலிழந்தால், அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம். ஜாக் தளர்வது, குமிழ் தேய்வது, பவர் சப்ளையில் மின்தேக்கி உப்புவது ஆகியவை பழுது நீக்கத் தக்கவை. மழைநீர் புகுந்தோ மின்னல் தாக்கியோ உள்பலகை முழுவதும் கெட்டிருந்தால் மாற்றுவதே நல்லது. செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது நீக்குவது பெரும்பாலும் லாபமில்லை. செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றப்பட்ட பாகத்தையும் திருப்பிக் கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு அது கற்றல் பொருளாகும்.

வாங்குவதற்கு முன் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். பள்ளிகளில் உள்ள பல ஆம்ப்ளிஃபயர்களில் இரண்டு மூன்று மைக் இன்புட்டுகளும், பாட்டுக்குத் தனி இன்புட்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குமிழும் இருக்கும். அதாவது மிக்சர் அதனுள்ளேயே இருக்கிறது. காலை வழிபாட்டுக்கும் சிறு விழாவுக்கும் அதுவே போதும். விழா நாளில் மிக்சர் கைவிட்டால் மைக்கை நேராக அதில் மாட்டிவிடலாம்.

தனி மிக்சர் தேவை என்றால், நான்கு மைக் இன்புட்டும் ஒரு ஸ்டீரியோ இன்புட்டும் உள்ளது நம் விழாக்களுக்குப் போதும். மிச்சமாகும் தொகையில் நல்ல கேபிள்கள் இரண்டு கூடுதலாக வாங்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கும்போது மாணவர்களின் சோதனைக் குறிப்பையும் இணைத்தால், எதற்காகக் கேட்கிறோம் என்பது பெற்றோருக்கு எளிதில் புரியும். பழைய கருவியை இருப்புப் பதிவேட்டிலிருந்து உரிய நடைமுறைப்படி நீக்கி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எந்த வகுப்புக்கு எதை?

தொடக்க வகுப்பில் மிக்சர் வேண்டாம்; சிவகாசித் தீப்பெட்டிகள் இரண்டும் நூலும் போதும். தீப்பெட்டித் தொலைபேசி செய்து பேச விடுங்கள். பிறகு நூலைத் தளர்த்தியோ, நடுவில் விரலால் பிடித்தோ ஒலியை நிறுத்துங்கள். எங்கே நின்றது, ஏன் நின்றது என்று குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மின்கலம், பல்பு, சுவிட்ச், ஒயர் கொண்ட எளிய சுற்றில் ஒரு பழுதை மறைத்து வையுங்கள். வானவில் மன்றச் செயல்பாடாகவும் இதைச் செய்யலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஒலி, மின்னோட்டவியல், மின்காந்தவியல் பாடங்களை முடித்ததும் மேலே சொன்ன ஆறு சோதனைகளைக் குழுவாகச் செய்து, 'அறிகுறி, சோதனை, முடிவு' என்ற மூன்று கட்ட அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அதுவே வழிகாட்டி ஆகும்.

ஒலி மாசு விதிகளையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டின் விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். தெளிவாகக் கேட்பது வேறு, சத்தமாகக் கேட்பது வேறு என்பதைப் பிள்ளைகள் சோதனையின்போதே உணர்வார்கள்.

ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்களுக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கேபிள்களுக்கு எண் ஒட்டுங்கள். கூடுதல் ஃபியூஸ் ஒன்றும், கேபிள் ஒன்றும், பேட்டரியில் இயங்கும் கை ஒலிபெருக்கி ஒன்றும் மேடையருகே இருக்கட்டும். சோதித்துப் பழகிய இரண்டு மாணவர்களை மிக்சர் பக்கத்தில் உட்கார வையுங்கள். மெல்லிய குரலில் பேசும் குழந்தை மேடையேறும்போது அந்தச் சேனலின் ஃபேடரைச் சற்று மேலே தள்ள வேண்டும் என்பதை அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.